கருவக்குளத்து வெளிச்சம்

பட்டியலில் மொத்தம் பதினோரு இடங்கள். கருவக்குளத்தைச் சரண்யாதேவி கடைசியில் எழுதியிருந்தாள். வேண்டுமென்றேதான் எழுதியிருந்தாள்.

மதுரையைச் சுற்றி ஐம்பது வருஷத்தில் வானத்தில் விசித்திரமான வெளிச்சம் பார்த்ததாக, பறக்கும் தட்டு பார்த்ததாகச் சொன்னவர்களைத் தேடிப் பிடிப்பது, அவர்கள் பார்த்தது உண்மையில் என்னவென்று கண்டுபிடிப்பது, அதை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுவது. இதுதான் திட்டம். திட்டம் போட்டவர்கள் இரண்டே பேர். சரண்யா ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். முப்பத்து நாலு வயது. பழங்காநத்தத்தில் அப்பா சோணைமுத்துவோடு இருக்கிறாள். இன்னொருவர் சாய்ராம். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு குடியிருப்பவர்.

இரண்டு வருஷத்தில் பத்து இடங்களை முடித்திருந்தார்கள். வாடிப்பட்டியில் எழுபத்தொன்பதில் அந்தரத்தில் மாலை கட்டித் தொங்கவிட்டதுபோல நின்ற விளக்குகள் சிறுமலைச் சரிவில் பற்றிய காட்டுத்தீ. மலை இருட்டில் மறைந்துபோக, நெருப்பு மட்டும் வானத்தில் நின்றிருக்கிறது. தெப்பக்குளத்துக்கு மேல் மூன்று மாலை அசையாமல் முறைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் தட்டு, வெள்ளிக் கிரகம். மேகத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்த வட்டம், சர்க்கஸ்காரன் போட்ட சுழல்விளக்கு. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

அவர்கள் வேலை செய்யும் முறை எளிமையானது. பார்த்தவரை அவர் அன்றைக்கு நின்ற இடத்துக்கே கூட்டிப்போய் நிறுத்துவார்கள். "எங்கன தெரிஞ்சுச்சு, கையை நீட்டிக் காட்டுங்க" என்று சரண்யா கேட்பாள். நீட்டிய விரலுக்குப் பின்னால் சாய்ராம் போய் நின்று, திசைமானியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணத்தைக் குறித்துக்கொள்வார். முப்பது நாற்பது வருஷத்தில் மனிதர்கள் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். நிறத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஆனால் எந்த வீட்டு முகட்டுக்கு மேலே, எந்த மரத்துக்கு இடப்பக்கம் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கணக்குதான் என்பார் சாய்ராம்.

கருவக்குளம் டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே நாலு கிலோமீட்டர். எண்பத்தெட்டு மாசியில், ஒரு சந்தை நாளில், பொழுது சாய்ந்து இருட்டிய நேரம். வானத்தில் ரயில்வண்டி ஓடுவதுபோல, சன்னல் சன்னலாக வெளிச்சத்தோடு ஒன்று வந்தது, உடைந்தது, அதில் ஒரு துண்டு காலனியின் ஓரத்துக் குடிசைமேல் விழுந்து பற்றிக்கொண்டது என்று ஊர் சொல்லும். குடிசைக்குள் இருந்த ராக்கம்மாள் கருகிப்போனாள். காவல் நிலையத்திலும் அப்படித்தான் எழுதி முடித்தார்கள். மறு வருஷமே அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு 'வெளிச்சம்மா' என்று பேர் வைத்து, மாசிதோறும் பொங்கல் வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த ராக்கம்மாள், சோணைமுத்துவின் முதல் சம்சாரம்.

அவள் போய் இரண்டு வருஷம் கழித்து சோணைமுத்து கனகலட்சுமியைக் கட்டினார். அவர்களுக்குப் பிறந்தவள் சரண்யா. வானத்திலிருந்து நெருப்பு விழுந்த வீட்டுப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் அவளைத் தொட்டுப் பார்த்து ஓடுவார்கள். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அம்மாவும் இறந்து நாலு வருஷமாயிற்று. அந்தக் கல்லுக்கு முன்னால் அப்பா ஒருமுறைகூடப் போய் நின்றதில்லை என்பது மட்டும் சரண்யாவுக்குத் தெரியும். பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் கொடுப்பது ராக்கம்மாளின் தம்பி சிவபாண்டி. அக்கா போன பின்னும் உறவை விடாதவர். வருஷா வருஷம் தைப்பொங்கலுக்குக் கரும்புக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பழங்காநத்தத்து மாடிப்படி ஏறி வருவார். சரண்யாவை "மருமகளே" என்றுதான் கூப்பிடுவார்.

"பத்தோட நிறுத்திக்கலாம் சார்," என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சாய்ராம் கேட்டிருப்பார். ஆனால் அந்தச் சமயம் பார்த்து அவருடைய அப்பாவின் டைரி கிடைத்துவிட்டது.

அவர் அப்பா ஹாலாஸ்யம், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, மின்சாரம் எப்போது போனது என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிற மனுஷர். அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து டில்லிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மணி மணியாக நீல மையில் எழுதியிருந்தார்: மாலை 7.20. கிழக்கு வானில் வடக்கிலிருந்து தெற்காகப் பெரிய ஒளி. அரை நிமிஷம். பல துண்டுகளாயிற்று. தெரு பகல் போல் ஆனது. 7.27. இடி போல ஓசை, ஜன்னல் அதிர்ந்தது. வானத்தில் மேகமே இல்லை.

"ஏழு நிமிஷம் சரண்யா," என்றார் சாய்ராம். டைரியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "வெளிச்சம் வந்து ஏழு நிமிஷம் கழிச்சு சத்தம் வந்திருக்கு. அப்ப அது எங்கயோ கடலுக்கு மேல போயிருக்கு. பெரிய எரிகல். உங்க ஊர்ல அது விழுந்திருக்கவே முடியாது."

அதற்கு அப்புறம் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் சிவபாண்டி காத்திருந்தார். அவர் இப்போது வாடிப்பட்டியில் மகள் வீட்டோடு இருக்கிறார். அறுபத்தாறு வயது, அரிசி ஆலையில் வாட்ச்மேன். எரிகல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று அந்தக் காலத்தில் போலீசில் சொன்ன ஒரே சாட்சி அவர்தான். அதனால்தான் சரண்யா அவரை வரச் சொல்லியிருந்தாள். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக வந்திருந்தார்.

"இதே இடம்தான் மருமகளே. டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நம்மூரு இரட்டைப் பனைக்கு மேல வந்து உடைஞ்சுச்சு. தென்னமரம் அளவுக்கு ஒரு துண்டு. அது அப்படியே எங்கக்கா குடிசை மேல இறங்குது. ஐயோன்னு கத்திக்கிட்டு ஓடுறேன்."

"காட்டுங்க மாமா."

சிவபாண்டி கையை நீட்டினார். ஊர் இருந்த திசையில், மேற்கே. சாய்ராம் குனிந்து கோணத்தைக் குறித்தார். நிமிர்ந்து சரண்யாவைப் பார்த்தார். 

"எனக்கு முழங்கால் ஒத்துழைக்க மாட்டேங்குது. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுக்குப் போறேன்," என்று சிவபாண்டி வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

காரில் போகும்போது சாய்ராம் சொன்னார்: "டைரி கிடைச்ச அப்புறம் மதுரை, வாடிப்பட்டின்னு இதே எரிகல்லைப் பார்த்தவங்களையெல்லாம் கேட்டேன், எல்லாரும் கிழக்கேன்னுதான் காட்டினாங்க. இவர் மட்டும் நேர் எதிர்ப்பக்கம். வயசாயிடுச்சு. அக்கா செத்த துக்கம் வேற. குழம்பியிருப்பார், விடுங்க."

கருவக்குளத்தில் அப்பாவின் வயசுக்காரரான கண்ணுச்சாமி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கண்மாய் மேற்கே. அதன் கரையிலிருந்து கிழக்கே ஒரு பாதை இறங்கி, வெளிச்சம்மா கல் இருக்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டு காலனிக்குப் போகிறது. கல்லுக்கு அந்தப்பக்கம் இரட்டைப் பனையில் ஒன்று இல்லை. இன்னொன்று தலையில்லாமல் நின்றது. கல்லில் பழைய மஞ்சள், எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த அரளிமாலை. சரண்யா அதை நேராகப் பார்க்காமல் பதிவுக் கருவியை எடுத்தாள்.

கண்ணுச்சாமி பாதை நடுவில் போய் நின்றுகொண்டார். "இங்கனதான். இந்த இடத்துல வரையில பார்த்தேன். நேரா முன்னுக்க, பனை ரெண்டுக்கும் மேல. அம்மாடி, அது என்னா வெளிச்சம்! தரையில கெடந்த ஊசியப் பொறுக்கலாம். நாங்க கொடத்தைத் தூக்கி எறிஞ்சுட்டுக் குப்புற விழுந்துட்டோம். நானு, சின்னான், பொம்பளைக எல்லாரும். வானம் இடிஞ்சு விழுகுதுன்னு நெனச்சோம்."

"என்ன கொடம் பெரியப்பா?"

"தண்ணிக் கொடம்தான். கண்மாய்லருந்து கோரிக்கிட்டு ஓடியாந்தோம்ல."

சரண்யா கருவியை அவர் பக்கம் நீட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்குத் தண்ணி கோருனீங்க?"

கண்ணுச்சாமி வாயைத் திறந்தார், மூடினார்.  பாதையில் வந்த ஒரு மாட்டுவண்டிக்கு மூவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"தீ புடிச்சதாலதானே? அப்ப வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே குடிசை எரிஞ்சுக்கிட்டிருந்துச்சா?"

"எல்லாம் ஒண்ணாத்தான் நடந்துச்சு தாயி. முன்னப்பின்ன யாரு பார்த்தா? அந்த மிஷினை அமத்து."

அவள் நிறுத்தினாள். சாய்ராம்தான் அடுத்ததைக் கேட்டார். அவர் கண்ணுச்சாமியைப் பார்க்கவில்லை. கையில் திசைமானியோடு கண்மாய்க்கரையையும் பனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவபாண்டியும் உங்களோட தண்ணி எடுத்தாரா?"

"சிவபாண்டியா? அவன் எங்க வந்தான். எல்லாம் முடிஞ்சு பொழுது விடியப்போகையிலல்ல வந்தான்."

திரும்பி வரும் வழியில், திருமங்கலம் தாண்டியதும் சாய்ராம் காரை ஓரங்கட்டினார். பிறகு சொன்னார்: "வெளிச்சம் கிழக்கே. பனைக்கு மேல அதைப் பார்க்கணும்னா பனைக்கு மேற்கே நிக்கணும். பஸ் ஸ்டாண்டு பனைக்குக் கிழக்கே இருக்கு. அங்க நின்னவனுக்கு அது முதுகுக்குப் பின்னால. அவர் குழம்பலை சரண்யா. பார்த்ததைச் சரியாத்தான் சொல்லியிருக்கார். நின்ன இடத்தைத்தான் மாத்திட்டார்."

குடிசைக்கு மேற்கே இருப்பது கண்மாய்க்கரை ஒன்றுதான். அதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சோணைமுத்து குக்கரில் சோறு வைத்துவிட்டு, கொசு மட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. சரண்யா டிவியை அணைத்தாள்.

"அப்பா, வெளிச்சம் வரும்போது குடிசை ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. இல்லையா?"

அவர் மட்டையைத் தரையில் வைத்தார்.  மறுத்துச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். மறுத்திருந்தால் அதோடு விட்டிருப்பாள் என்றுதான் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

"கண்ணுச்சாமி சொன்னானா?"

"அவர் சொல்லலை. நானாக் கண்டுபிடிச்சேன்."

"படிக்க வச்சேன்ல," என்றார் சோணைமுத்து. அதில் கோபமில்லை.

பிறகு சொன்னார். குரலை உயர்த்தாமல், யாரோ வேறொருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சந்தையில உப்பும் வத்தலும் வாங்கிக்கிட்டு வாரேன். தூரத்துலயே தீ தெரியுது. அவளுக்கு அன்னைக்குக் காய்ச்சல். சந்தைக்கு வரல, உள்ள படுத்திருந்தா. அது வெளிய யாருக்கும் தெரியாது. எப்பவும் ரெண்டு பேருந்தான் சந்தைக்குப் போவோம். நான் ஓடியாந்து பார்க்கேன், கூரை முழுக்கப் புடிச்சிருச்சு. வாசத்தட்டியப் பிச்சு எறிஞ்சேன். கை நீட்டுறா. புடிச்சுட்டேன். இந்தக் கையாலதான். புடிச்சு இழுக்கேன். அப்பத்தான் அது வந்துச்சு."

அவர் நிறுத்தினார்.

"உலகமே வெள்ளையாப் போச்சு சரண்யா. எம் மேலதான் விழுகப்போகுதுன்னு நெனச்சேன். கையை விட்டுட்டேன்."

அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"விட்டுட்டு ஓடிப்போயி வாய்க்கால்ல விழுந்தேன். தலையத் தூக்கிப் பார்க்கையில கண்மாய்க்கரையில ஒருத்தன் நிக்கான். பட்டப்பகல் மாதிரி தெரியுது. சிவபாண்டி. அவனும் மேல பார்த்துக்கிட்டு நிக்கான். அப்புறம் என்னையப் பார்த்தான். நான் வாய்க்காலுக்குள்ள கெடக்கதப் பார்த்தான். அம்புட்டுத்தான், வெளிச்சம் போயிருச்சு. நான் எந்திரிச்சுத் திரும்பி வாரதுக்குள்ள கூரை உக்காந்திருச்சு."

"அவர் ஏன் அங்க இருந்தாரு?"

"குடிசைய ஒட்டி ஒரு ஏக்கர் நெலம், சர்க்கார் அவ பேருக்குக் கொடுத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு அது வேணும். ரெண்டு வருசமா மெரட்டுறான், இவ கைநாட்டு வைக்க மாட்டேன்னுட்டா. சிவபாண்டி அவன்கிட்ட டிராக்டர் ஓட்டுனான். குடிசையக் கொளுத்திட்டா ஓடிப்போயிருவாங்கன்னு தோட்டத்துக்காரன் இவனைச் சொல்லி அனுப்பியிருக்கான். சந்தை நாளு, உள்ள ஆளில்லைன்னு நெனச்சுத்தான் இவனும் தீ வச்சிருக்கான். அவ உள்ள இருந்தது அவனுக்குக் காலையிலதான் தெரியும். இதெல்லாம் அவனா பின்னாடி எங்கிட்டச் சொன்னது. ஒருக்கத்தான் சொன்னான்."

"போலீஸ்ல..."

"அவன்தான் முதல்ல சொன்னான், வானத்துலருந்து விழுந்துச்சுன்னு. சொன்ன உடனே ஊரே ஆமான்னுருச்சு. கொடத்தை எறிஞ்சுட்டுக் குப்புறப் படுத்தது அவங்களுக்குத் தெரியும்ல. எல்லாருக்கும் அது தேவைப்பட்டுச்சு. எனக்குந்தான். நான் அவனைக் காட்டிக் கொடுத்தா, அவன் என்னையச் சொல்லுவான். பொண்டாட்டி கையை விட்டுட்டு ஓடுனவன்னு. கையெழுத்துப் போட்டேன். தோட்டத்துக்காரன்கூட நம்பிட்டான். சாமி எறங்குன எடம்னு அந்த நெலத்துப் பக்கமே வரல. அதுல வெளஞ்ச பருத்தியிலதான் நீ படிச்ச."

வெளியே யாரோ ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க ஏதாவது சொன்னாங்களா அப்பா? உள்ளேயிருந்து?"

"என்னையக் கூப்பிடல. நான் சந்தைக்குப் போயிருக்கேன்னு அவளுக்குத் தெரியும்ல. ஏ சிவபாண்டி, ஏ சிவபாண்டின்னுதான் கத்திக்கிட்டிருந்தா. அடுத்த வீடு தம்பி வீடு."

சோணைமுத்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"அது எரிகல்லுன்னு உங்க சார் சொல்றாருல்ல. எம்புட்டுத் தூரத்துல போச்சு?"

அவள் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"நூத்தி நாப்பது கிலோமீட்டர்ப்பா. கடலுக்கு மேல."

அவர் தலையை ஆட்டினார். தண்ணீரைக் குடிக்காமலே தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். குக்கர் சோறு அன்றைக்கு அப்படியே கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் சரண்யா தனியாக வாடிப்பட்டிக்குப் போனாள். சிவபாண்டி அரிசி ஆலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தவர், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"மாமா, பஸ் ஸ்டாண்டுலருந்து அது தெரியாது. கண்மாய்க்கரையிலதான் நின்னிருக்கீங்க."

"உங்கப்பன் சொல்லிட்டானா?"

"நீங்க கை காட்டினீங்கள்ல, அதுலயே தெரிஞ்சுபோச்சு. அப்பா அப்புறந்தான் சொன்னாரு."

சிவபாண்டி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். லாரி ஒன்று உள்ளே வந்தது. டிரைவர் "அண்ணே, கேட்டு" என்று கத்தினான். அவர் போய்க் கதவைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு, திரும்பி வந்தார். உமித்தூசி இருவர் மேலும் படிந்தது.

"ஒரே ஒண்ணு கேட்டுக்கறேன் மருமகளே. முப்பத்தேழு வருசமா உங்கப்பன்கிட்டக் கேக்கணும்னு வாரேன். கரும்பைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு பொங்கலுக்கும் அதுக்குத்தான் வாரேன். வாய் வரமாட்டேங்குது." அவர் ஒரு அடி கிட்ட வந்தார். "நான் தீயை வச்சுட்டுக் கரைமேல ஏறிட்டேன். காத்து எதுத்தாப்புல அடிச்சுச்சு, ஒண்ணும் காதுல விழுகல. அக்கா கூப்பிட்டுச்சா?"

பத்து ஊரில், நூறு பேரிடம் கேள்வி கேட்டவள் சரண்யா. யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். கிழவர் வாழ்ந்து முடித்துவிடுவார். அந்தக் கையை, தட்டி வாசலில் நீண்ட கையை அவள் நினைத்துக்கொண்டாள். யாருக்கும் அதைப் பற்றி இனி தெரியாது என்று ஆகிவிடக் கூடாது.

"கூப்பிட்டாங்க," என்றாள். "உங்க பேரைச் சொல்லித்தான். அப்பா பேரைச் சொல்லல."

சிவபாண்டி கத்தவில்லை, அழவும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு, சிமெண்ட் தரையில் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார். அவருடைய மகள் ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவரும்வரை சரண்யா அங்கேயே நின்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

போலீசுக்குப் போகவேண்டும் என்று சொன்னது சோணைமுத்து. ஒரு வாரம் கழித்து, காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "சிவபாண்டி நேத்தே ஸ்டேஷனுக்குப் போயிட்டானாம். கண்ணுச்சாமி போன் பண்ணுனான். நான் போகலைன்னா அவன் சொன்னதை யாரும் நம்ப மாட்டாங்க."

காவல் நிலையத்தில் இருந்த உதவி ஆய்வாளருக்குச் சரண்யாவின் மாணவர்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எண்பத்தெட்டாம் வருஷத்துக் கோப்பு எதுவும் இல்லை என்றார். கட்டடம் மாறும்போதே போய்விட்டதாம். நேற்று ஒரு பெரியவர் வந்து, அக்காவைக் கொன்றுவிட்டேன், பிடித்துக்கொண்டு போங்கள் என்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், மகளும் மருமகனும் வந்து மூளை சரியில்லை என்று எழுதிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார்.

"மூளை நல்லாத்தான் இருக்கு," என்றார் சோணைமுத்து. "அவன் வச்ச தீதான். நான் பார்த்தேன்."

"ஐயா, அப்ப பொய் வாக்குமூலம் குடுத்தது நீங்களா? யோசிச்சுப் பேசுங்க. உங்க மேலயும் வரும்."

சரண்யா அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கே பயம் வந்தது. கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தபோதும், வாடிப்பட்டிக்குப் போனபோதும் வராத பயம். சோணைமுத்து மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"எழுதுங்க தம்பி. செத்தவ பேரு ராக்கம்மாள். வயசு முப்பத்தி ஒண்ணு. எம் பொண்டாட்டி."

அவர் வாயிலிருந்து அந்தப் பேரைச் சரண்யா கேட்டது அதுதான் முதல் தடவை.

மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். தோட்டத்துக்காரர் இறந்து இருபது வருஷம். பிள்ளைகள் சென்னையில். ஊரில் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. வழக்கு நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். சிவபாண்டியின் மகள் போனில் கூப்பிட்டு, எங்கப்பாவைப் பைத்தியக்காரனாக்கிட்டியே, நீ நல்லா இருப்பியா என்று கேட்டாள். சரண்யா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். சிவபாண்டி இப்போது யாரோடும் பேசுவதில்லையாம். ஆலையில் வேலையும் போய்விட்டது. அந்தத் தைப்பொங்கலுக்குக் கரும்பு வரவில்லை.

புத்தகம் தைக் கடைசியில் வந்தது. பதினோராவது இடத்தைச் சரண்யாவே எழுதினாள். வெளிச்சத்தைப் பற்றி இரண்டு பக்கம்: திசை, உயரம், ஓசை வந்த நேரம், எரிகல் என்ற முடிவு. அதற்குக் கீழே, குடிசை எரிந்ததற்கும் இந்த எரிகல்லுக்கும் தொடர்பில்லை, தீ முன்னரே வைக்கப்பட்டிருந்தது என்று இரண்டு வரி. "அந்த ரெண்டு வரி அவசியமா?" என்று சாய்ராம் தயங்கிக் கேட்டார். "அது இல்லைன்னா மத்தது எதுக்கு சார்?" என்றாள்.

புத்தகம் கருவக்குளத்துக்கும் போயிற்று. கண்ணுச்சாமி போன் செய்தார். "நீ எழுதுனத நீ வச்சுக்க தாயி. எங்களுக்கு அவ வெளிச்சம்மாதான். பொங்கல் வைக்கத்தான் செய்வோம்." குரலில் கெஞ்சல் இருந்தது. சரண்யா சரி பெரியப்பா என்றாள்.

மாசிப் பொங்கல் அன்றைக்குச் சோணைமுத்து சொல்லாமல் கிளம்பிப் போயிருந்தார். சரண்யா கல்லூரியிலிருந்து வந்து, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, தெருவெல்லாம் தேடி, மருந்துக்கடைக்காரர் அவரைக் கல்லுப்பட்டி பஸ்ஸில் பார்த்ததாகச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள். ஆறு மணிக்குத் திரும்பி வந்தார். செருப்பிலும் கரண்டைக்கால் வரையிலும் செம்மண். கையில் ஒன்றுமில்லை.

"சிவபாண்டியும் வந்திருந்தான்," என்றார். "மக கொண்டாந்து விட்டுட்டுத் தள்ளிப்போய் நின்னா. யாரும் எங்களுக்குப் பொங்கல் குடுக்கல."

"பேசினீங்களா?"

"என்னத்தப் பேச. ரெண்டு பேரும் ஓரமா நின்னோம்."

அவர் குழாயடியில் போய்க் காலைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். உள்ளே வந்து ஈரக்காலோடு கட்டிலில் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் விரித்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த எடம் ரொம்பச் சின்னதா இருக்கு சரண்யா," என்றார். "வாசலுக்கும் வாய்க்காலுக்கும் பத்தடி கூட இல்ல."

சரண்யா அடுப்பைப் பற்றவைக்கப் போனவள், தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை மேடையில் வைத்துவிட்டு, கடைக்குப் போய் அப்பாவுக்கு இட்லி வாங்கி வந்தாள்.